கண்ணாடித் தொட்டி: இறாலுக்கு எந்தத் தண்ணீர்?



புதுத் தொட்டியை நாலு தொடக்கம் ஆறு கிழமை வெறுமனே ஓடவிட்டுப் பழக்கிய பிறகுதான் அதற்குள் உயிர் விடவேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பிறகு ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் குடும்பமாக டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மகனுக்கு 11 வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த காசில் 10 சிவப்பு இறால் வாங்கி விட்டிருக்கிறான். தொட்டியை ஆறு கிழமை பழக்கியும் இருக்கிறார்கள். இருந்தும் ஒன்பது நாளைக்குள் எட்டு இறால் செத்துப்போயின. "தான்தான் கொன்றுபோட்டேன் என்று பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறான். இந்த நாட்டுத் தண்ணீரே கூடாது என்று இவர் சொல்கிறார், குடிக்கிறதுக்கும் இப்போது போத்தல் தண்ணீர்தான் வாங்குகிறோம். எங்களுக்கு ஒரு விளக்கம் எழுதுங்கோ" என்று கேட்டிருந்தா.

விளக்கம் நிச்சயம் எழுதவேண்டும். ஒரு பிள்ளையின் மனம், எட்டு உயிர், மாதாமாதம் போத்தல் தண்ணீருக்குப் போகும் காசு மூன்றும் இதில் இருக்கின்றன. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனால் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் நீராவிக் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை ஒவ்வொரு காலையும் சோதித்து எழுதுவது என்னுடைய பொறுப்பு. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறும்வரை எண்ணவேண்டும். இறால் தொட்டிக்குத் தேவையான வேலையும் அதுதான்.

அந்தச் சகோதரியிடம் தொலைபேசியில் கேட்டு எடுத்த கணக்கைப் பிறகு சொல்கிறேன். முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

கேற்றிலில் பிடிக்கும் வெள்ளை

இந்த நாட்டுக்கு வந்து முதல் மாதத்திலேயே எல்லோரும் காண்பது கேற்றிலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படையை. இவர்கள் அதைக் 'கல்க்' என்கிறார்கள். அதாவது சுண்ணாம்பு. அது அழுக்கோ மருந்தோ அல்ல. டென்மார்க்கில் குழாயில் வருவது நிலத்தடித் தண்ணீர். சியலன்ட் பக்கம் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். ஸ்ரெவ்ன்ஸ் கடற்கரையிலும் மோன் தீவிலும் வெள்ளைவெளேரென்று நிற்கும் செங்குத்துப் பாறைகள் அந்தச் சுண்ணாம்புதான். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனங்களுக்கு இது புதினமில்லை. எங்கள் நிலமும் சுண்ணக்கல்தான். நிலாவரைக் கிணறும் சுண்ணக்கல் கரைந்து விழுந்து உண்டானது. ஊரில் தண்ணீர் கொதிக்கவைத்த பானையின் உள்ளே வெள்ளை பிடித்ததும், சில கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காததும் இதனால்தான். பள்ளிக்கூடத்தில் 'வன்னீர்', 'மென்னீர்' என்று படித்தோமே, அதுதான் இது. வன்னீர் குடித்தால் ஆபத்து இல்லை. அதில் இருப்பது கல்சியமும் மகனீசியமும். இரண்டும் உடம்புக்குத் தேவையானவை. இந்தக் காரணத்துக்காகப் போத்தல் தண்ணீர் வாங்க வேண்டாம். கேற்றிலுக்குள் கொஞ்சம் வினாகிரி விட்டுக் கொதிக்கவைத்து, இரண்டு தரம் நல்ல தண்ணீரால் அலசினால் வெள்ளை போய்விடும்.

உவர்த் தண்ணீர் வேறு, வன்னீர் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். உவரில் இருப்பது சோறு கறிக்குப் போடும் உப்பு. வன்னீரில் இருப்பது சுண்ணாம்பு வகை. இறாலுக்கு வேண்டியது இரண்டாவது.

மூன்று எண்கள்

கடையில் சோதனைப் பெட்டி வாங்கினால் அதில் மூன்று பெயர்கள் இருக்கும். இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் போதும்.

முதலாவது ஜி.எச். இது மொத்த வன்மை. தண்ணீரில் எவ்வளவு கல்சியமும் மகனீசியமும் உண்டு என்று சொல்லும். இதை ஜேர்மன் பாகையில் அளக்கிறார்கள். ஒரு பாகை என்றால் ஒரு லீற்றரில் 10 மில்லிகிராம் கல்சியம் ஒட்சைட்டுக்குச் சமமான அளவு. டென்மார்க்கில் 8 தொடக்கம் 12 வரை நடுத்தரம், 12 தொடக்கம் 18 வரை ஓரளவு வன்னீர், 18 தொடக்கம் 24 வரை வன்னீர் என்று பிரித்திருக்கிறார்கள். கோப்பன்கேகன் பக்கம் மென்மையாக்காத தண்ணீர் 20 அளவில் இருக்கும். மேற்கு யூலன்ட் மணல் நிலம் என்றபடியால் அங்கே பல இடங்களில் இதைவிட நன்றாகக் குறைவு. உங்கள் தண்ணீர் நிலையத்தின் இணையப் பக்கத்தில் விலாசத்தைப் போட்டுப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரின் வன்மையைக் காட்டும். சட்டம் மாதிரி அதை நம்பிவிடாமல் ஒருதரம் சொட்டு மருந்தாலும் சோதியுங்கள். கோப்பன்கேகனுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஹோபோர் நிறுவனம் 2017 இல் புரொண்ட்பியில் தொடங்கி, தண்ணீரை ஏறக்குறைய 10 பாகைக்கு மென்மையாக்கிக்கொண்டு வருகிறது. நேற்று 20 ஆக இருந்த தண்ணீர் அப்படி மாறினால் தொட்டிக்கு அது பெரிய மாற்றம்.

இரண்டாவது கே.எச். இது காபனேற்று வன்மை. பள்ளிக்கூடத்தில் 'நிலையில் வன்மை' என்று படித்தது, அதாவது கொதிக்கவைத்தால் வெள்ளையாகப் படிந்து போகும் பகுதி. இதற்கு ஒரு முக்கிய வேலை உண்டு. தொட்டிக்குள் எந்நேரமும் கொஞ்சம் அமிலம் உண்டாகிக்கொண்டிருக்கும். கழிவை உடைக்கும் பக்ரீரியாக்களும் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலத்தைக் கே.எச். பிடித்து அடக்கிவிடும். அவசரத்துக்கு என்று எடுத்து வைத்த சீட்டுக்காசு மாதிரி. இருக்கும்வரை வீடு ஆடாது. முடிந்த அன்றைக்குச் சின்னச் செலவும் குடும்பத்தை விழுத்திவிடும்.

மூன்றாவது பி.எச். தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண். 7 நடு. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இந்த அளவுகோலை 1909 இல் கண்டுபிடித்தவர் சோரென் சோரென்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானி. அவர் வேலை செய்தது கோப்பன்கேகனில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில். பியர் காய்ச்சுகிறவர்களுக்கும் தண்ணீரின் அமிலம் முக்கியம்தானே! இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 7 இலிருந்து 6 ஆனால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். 8 இலிருந்து 6 ஆனால் நூறு மடங்கு. ஆகவே பி.எச். ஒன்று இறங்குவது சின்ன விடயம் அல்ல.

சோதனைக்குக் காகிதக் கீற்றை விடச் சொட்டு மருந்து நல்லது. 5 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். கே.எச். சோதனையில் நீலம் மஞ்சளாக மாறும். ஜி.எச். சோதனையில் சிவப்போ செம்மஞ்சளோ பச்சையாக மாறும். எத்தனையாவது சொட்டில் மாறியதோ அத்தனை பாகை. 10 மில்லிலீற்றர் எடுத்துச் சோதித்தால் ஒரு சொட்டுக்கு அரைப் பாகை. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். டெனிஷ் எண்களும் பழகும்.

இறாலின் சட்டை

மீனுக்கு எலும்பு உள்ளே. இறாலுக்கு அது வெளியே, ஓடாக. ஓடு வளராது. ஆகவே உடம்பு வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை அணியவேண்டும். அந்தப் புது ஓட்டை இறுக்குவது கல்சியம் காபனேற்று. அதற்கான கல்சியத்தைத் தண்ணீரிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் இறால் எடுக்கிறது. ஓடு கழற்றும்போது உடம்புக்குள் தண்ணீரை இழுத்து ஊதிக்கொள்ளும். அந்த உந்தலில் பழைய ஓடு தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் வெடிக்கும். அந்த இடைவெளியால் இறால் ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடும். புது ஓடு இறுகும்வரை அது மிகவும் மென்மையானது. அதனால்தான் ஓடு கழற்றிய இறால் பாசிக்குள் ஒளித்துக்கொள்கிறது. கழற்றிய ஓட்டை எடுத்து எறியாதீர்கள். அதையும் சாப்பிட்டுக் கல்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இப்போது தண்ணீர் திடீரென்று மாறினால் என்ன நடக்கும்? வெளியே உள்ள உப்புக்களின் அளவுக்கும் உடம்புக்குள் உள்ள அளவுக்கும் இருந்த கணக்குக் குழம்பும். புது ஓடு தயாராகும் முன்னரே பழையது வெடிக்கும். முதுகில் மட்டும் வெடிக்காமல் சுற்றிவர வெடித்து, கழுத்தில் வெள்ளை நூல் கட்டினதுபோல ஒரு வளையம் தெரியும். அப்படி வளையம் கண்ட இறால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஜி.எச். மிகக் குறைந்த தண்ணீரில் ஓடு இறுகாமலும் சாகும்.

அந்த எட்டு இறாலுக்கு நடந்தது

இப்போது கடிதத்துக்கு வருவோம். குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். ஜி.எச். 19, கே.எச். 14, பி.எச். 7.8. இந்த நாட்டில் சாதாரணமாகக் காணும் எண்கள். தொட்டியைச் சோதிக்கச் சொன்னேன். அங்கே கே.எச். 9 தான். ஐந்து பாகை எங்கே போனது?

இறால் வாங்கிய கடையில் 'பி.எச். 7 இருக்கவேண்டும்' என்று சொல்லி, பி.எச். குறைக்கும் போத்தல் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை சொன்னபடியே செய்திருக்கிறான். இரவில் மருந்து விட்டால் பி.எச். 7.0. காலையில் பார்த்தால் திரும்பவும் 7.8 க்குக் கிட்ட. அடுத்த இரவும் விட்டான். இப்படி நாலு இரவு. பிறகு, 'தண்ணீர் பழுதாகிவிட்டது' என்று பயந்து, சனிக்கிழமை அரைத் தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரால் நிரப்பினார்கள். ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, புதன் மூன்று என்று செத்தன. கழுத்தில் வெள்ளை வளையம் இருந்ததா என்று கேட்டேன். 'ஓம், இருந்தது' என்றான் பிள்ளை.

அந்தப் போத்தலில் இருப்பது அமிலம். அமிலம் விட்டவுடன் கே.எச். அதைப் பிடித்துக் காபனீரொட்சைட்டாக மாற்றுகிறது. சோடாப் போத்தலில் இருக்கும் அதே வாயு. அந்த வாயு தண்ணீரில் நிற்கும்வரை பி.எச். இறங்கி நிற்கும். இரவு முழுக்க வடிகட்டி தண்ணீரைக் கலக்கக் கலக்க வாயு வெளியே போய்விடும், பி.எச். திரும்ப ஏறும். வெளியில் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி. உள்ளே கே.எச். செலவாகிவிட்டது. அவன் விட்ட மருந்துக்கு ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய இரண்டரைப் பாகை போயிருக்கிறது. நாலு இரவில் பத்து. 14 இருந்த சேமிப்பு 4 ஆகிவிட்டது. ஐந்தாம் இரவும் அதே அளவு விட்டிருந்தால் பி.எச். 7 இல் நின்றிருக்காது, நேரே 6 பக்கம் விழுந்திருக்கும். பிறகு அரைத் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் விட்டவுடன் 4 ஆக இருந்த கே.எச். ஒரே மணித்தியாலத்தில் 9 ஆனது. சூடும் இறங்கியது. நாலு இரவு ஆட்டத்துக்கு மேலே இந்த அடி. ஓடு கழற்ற இருந்த இறால்கள் தாங்கவில்லை.

ஆகவே தம்பி, நீ கொல்லவில்லை. குழாய்த் தண்ணீரும் கொல்லவில்லை. 7.8 இல் விட்டிருந்தால் அந்த இறால்கள் இருந்திருக்கும். ஒரு எண்ணைத் துரத்தச் சொன்ன ஆலோசனைதான் பிழை. மிஞ்சிய இரண்டும் இன்னும் மேய்கின்றன என்று சொன்னாய். அவை உன்னுடைய தண்ணீரில் தப்பியவை.

இதிலிருந்து எல்லோரும் எடுக்கவேண்டிய விதி ஒன்றுதான்: பி.எச். ஐத் துரத்தாதீர்கள். வீட்டுத் தண்ணீருக்கு ஏற்ற இறாலைத் தெரிந்தெடுங்கள். பிறகு அந்தத் தண்ணீரை ஆட்டாதீர்கள்.

எந்த இறால், எந்தத் தண்ணீர்

கடைகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று விற்கும் செரி இறால்கள் எல்லாம் நியோகரிடினா டேவிடி என்ற ஒரே இனம். சீனா, தாய்வான் பக்கத்து ஓடைகளில் மண்ணிறமாகத் திரிந்ததைத்தான் நிறம் நிறமாகத் தெரிந்து பெருக்கியிருக்கிறார்கள். பெரிய இறால் 3 சென்றிமீற்றர் வரும். ஒன்று தொடக்கம் இரண்டு வருடம் இருக்கும். பி.எச். 6.5 தொடக்கம் 8, ஜி.எச். 6 தொடக்கம் 12, கே.எச். 2 தொடக்கம் 8 என்றால் சுகமாக வாழும். இதைவிட வன்மையான தண்ணீரிலும் அங்கேயே பிறந்து பழகியவை வாழும், குஞ்சும் போடும். சாதாரண வீட்டுச் சூடு போதும், சூடாக்கி தேவையில்லை. புதுக்குடும்பங்களுக்கு இதுதான் இறால்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைபோட்ட கிறிஸ்ரல் இறால் வேறு சாதி. 1990களில் யப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் கறுப்புப் பட்டை இறால்களுக்குள் தப்பிப் பிறந்த சிவப்பைப் பிரித்துப் பெருக்கி உண்டாக்கியது. அதன் மூலம் கொங்கொங் மலை ஓடைகளில் வாழும் இறால். அங்கே தண்ணீர் மென்னீர். அதற்கு பி.எச். 5.8 தொடக்கம் 6.8, ஜி.எச். 4 தொடக்கம் 6, கே.எச். 0 அல்லது 1 வேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு ஏரி இறால்களுக்கோ 27, 28 பாகைச் சூடும் பி.எச். 8 உம் வேண்டும். மூன்றையும் ஒரே தொட்டியில் வைக்கமுடியாது. அழகைப் பார்த்து வாங்கிவிட்டுத் தண்ணீரை மாற்ற ஓடினால் காசும் போகும், உயிரும் போகும்.

செரி இறால் வாங்குகிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே குழாய்த் தண்ணீரில் இறால் பெருக்குகிற ஆளிடம் வாங்குங்கள். அவருடைய தண்ணீரும் உங்களுடைய தண்ணீரும் ஒன்று. இறாலுக்கு வீடு மாறியதே தெரியாது. கடை விலையை விடக் குறையவும் வாங்கலாம்.

வன்மையைக் குறைக்க

குழாய்த் தண்ணீர் 15 பாகைக்கு மேலே, இறாலும் வேறு ஊரிலிருந்து வந்தது என்றால் கலந்து குறைக்கலாம். சுப்பர்மார்க்கற்றிலும் பெற்றோல் நிலையத்திலும் 'டெமினரலிசெரெட்' என்று எழுதிய கான்களில் தண்ணீர் விற்கிறார்கள். ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் பற்றரிக்கும் விடுவது. அதில் வன்மை கிட்டத்தட்டப் பூச்சியம். வாசனை சேர்த்ததை வாங்கவேண்டாம்.

கணக்கு இலகு. வேண்டிய பாகையைக் குழாய்த் தண்ணீரின் பாகையால் பிரியுங்கள். குழாயில் 20, வேண்டியது 8 என்றால் 8 ஐ 20 ஆல் பிரிக்க 0.4. ஆகவே 20 லீற்றருக்கு 8 லீற்றர் குழாய்த் தண்ணீர், 12 லீற்றர் பூச்சியத் தண்ணீர். கே.எச். உம் அதே பங்கில் இறங்கும். அந்தச் சகோதரியின் வீட்டுக்கு இந்தக் கலவை போட்டால் ஜி.எச். 7.6, கே.எச். 5.6 வரும். பி.எச். தானாகக் கொஞ்சம் இறங்கிப் பொருந்தும். அதற்கு மருந்து தேவையில்லை.

வேறு சில தண்ணீர்களைப் பற்றியும் கேட்கிறார்கள்.

மழைத் தண்ணீர்: மென்மையானதுதான். ஆனால் கூரையில் தார்த் தாளும், பீலியில் துத்தநாகமும் செப்பும் இருக்கும். மாடிவீட்டுக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கவேண்டாம்.

உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் தண்ணீர்: சவர்க்கார மிச்சமும் பஞ்சும் உண்டு. வேண்டாம்.

உப்புப் போட்டு மென்மையாக்கும் இயந்திரத் தண்ணீர்: எங்கள் தொழிற்சாலைக் கொதிகலனுக்குக் கொடுப்பது இதைத்தான். அந்த இயந்திரம் கல்சியத்தைப் பிடித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. கொதிகலனுக்கு அது நல்லது, ஏனென்றால் வெள்ளை படியாது. இறாலுக்கு அதே காரணத்தால் கூடாது, ஏனென்றால் ஓட்டுக்குக் கல்சியம் இல்லை.

மேசையில் வைக்கும் வடிகட்டிக் கூசா: புதிதாக இருக்கும்போது ஒரு எண், பழசானால் இன்னொரு எண். தேத்தண்ணிக்கு நல்லது, தொட்டிக்கு நம்பமுடியாது.

வன்மையைக் கூட்ட

மேற்கு யூலன்டில் மென்னீர் வரும் இடத்தில் இருப்பவர்களுக்கும், பூச்சியத் தண்ணீரில் தொடங்குகிறவர்களுக்கும் இது. இறாலுக்கென்றே விற்கும் கனியுப்புத் தூள் இரண்டு வகை. 'ஜி.எச். கே.எச்.' இரண்டையும் கூட்டுவது செரி இறாலுக்கு. 'ஜி.எச்.' மட்டும் கூட்டுவது கிறிஸ்ரல் இறாலுக்கு. பக்கற்றில் எழுதிய அளவின்படி வாளியில் கரைத்து, சோதித்து, பிறகுதான் தொட்டிக்கு விடவேண்டும். தூளைத் தொட்டிக்குள் நேரே போடக்கூடாது.

கையால் நிறுத்துப் போட விரும்புகிறவர்களுக்குக் கணக்கு இதோ. 10 லீற்றர் தண்ணீரில் ஜி.எச். ஒரு பாகை கூட்ட 0.31 கிராம் ஜிப்சம், அல்லது 0.44 கிராம் எப்சம் உப்பு. கல்சியமும் மகனீசியமும் இரண்டும் வேண்டும் என்றபடியால் மூன்று பாகைக்கு ஜிப்சம், ஒரு பாகைக்கு எப்சம் என்று சேர்க்கலாம். கே.எச். ஒரு பாகை கூட்ட 0.3 கிராம் அப்பச்சோடா. இங்கே அதன் பெயர் 'நாட்ரொன்'. பக்கத்திலேயே கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரும் அதேபோன்ற டப்பாவில் இருக்கும். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். மாறி வாங்கிவிடாதீர்கள். இந்த அளவுகளைக் கரண்டியால் மதிக்கமுடியாது, சின்ன மின்தராசு வேண்டும்.

சிப்பி, சங்கு, பவளக்கல் ஆகியவையும் வன்மையைக் கூட்டும். அமிலத் தண்ணீரில்தான் அவை நன்றாகக் கரையும். பி.எச். 7.8 உள்ள தொட்டியில் பெரிதாக ஒன்றும் செய்யாது. கடற்கரையில் பொறுக்கிய கல் எதையும் போடும் முன் இரண்டு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

கிறிஸ்ரல் இறாலுக்கு விற்கும் யப்பான் களிமண் உருண்டை, கே.எச். ஐப் பிடித்து பி.எச். ஐ 6 பக்கம் வைத்திருக்கும். அதன் மேல் வன்னீர் ஊற்றினால் சீக்கிரம் சக்தி தீர்ந்துவிடும். முதல் கிழமைகளில் அமோனியாவும் விடும். அனுபவம் வந்த பிறகு பார்க்கலாம்.

கிழமைக்குக் கிழமை

தண்ணீர் மாற்றுவது கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு. 25 லீற்றர்த் தொட்டிக்கு இரண்டரை லீற்றர். குளிர் குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள், ஏனென்றால் இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில் செப்புக் கரைந்திருக்கும். செப்பு இறாலுக்கு நஞ்சு. சுடுதண்ணீர்க் குழாயில் அது இன்னும் கூட. சூட்டைச் சரிப்படுத்தச் சுடுதண்ணீர் கலக்காமல், வாளியை ஒரு இரவு அறைக்குள் வைத்தால் தானாகச் சரியாகும். டென்மார்க்கில் குழாய்த் தண்ணீருக்குச் சாதாரணமாகக் குளோரின் போடுவதில்லை. ஜேர்மனி, பிரான்சு, இங்கிலாந்தில் உறவினருக்கு இந்தப் பக்கத்தை அனுப்புகிறவர்கள், அங்கே குளோரின் நீக்கும் மருந்து தேவைப்படலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் என்ன விடுவது? பலர் பிழைவிடும் இடம் இது. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். தொட்டியிலும் அப்படித்தான். குறைந்த இடத்துக்கு வன்னீரையே விட்டுக்கொண்டிருந்தால் மாதத்துக்கு மாதம் வன்மை ஏறும். ஆவியான அளவுக்குப் பூச்சியத் தண்ணீரே விடுங்கள். தண்ணீர் மாற்றும்போது கலவைத் தண்ணீர் விடுங்கள்.

புது இறால் வந்த அன்று அவசரம் கூடாது. பையோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, ஒடுக்கமான காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் செக்கனுக்கு இரண்டு சொட்டாக இறக்குங்கள். இரண்டு மணித்தியாலம் போகட்டும். பிறகு இறாலை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

அந்தப் பிள்ளைக்குத் தனியாகச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். அமிலப் போத்தலை மூடி வை. கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு லீற்றர் கலவைத் தண்ணீர் மாற்று. ஒரு கொப்பியில் திகதி, ஜி.எச்., கே.எச்., பி.எச்., சூடு என்று ஐந்து கோடு கீறி எழுது. மூன்று கிழமை எண்கள் ஆடாமல் நின்றால் புதிதாக எட்டு இறால் விடலாம். வயிற்றின் கீழ் முட்டையோடு ஒன்றைக் கண்டால், மூன்று நாலு கிழமையில் 20, 30 குஞ்சு வரும். அவை உன்னுடைய தண்ணீரிலேயே பிறந்தவை, அதற்கே பழகியவை.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் ஜி.எச்., கே.எச். எண்களையும் ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்புங்கள். ஒரே தண்ணீர் உள்ள குடும்பங்கள் இறால் கொடுத்து வாங்க வசதியாக ஊர்வாரியாக ஒரு அட்டவணை போடலாம் என்று யோசிக்கிறேன். அடுத்த இதழில் இறாலுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பாடு என்பதைப் பார்ப்போம். அதுவரை கையை வாளியில் வையுங்கள், அமிலப் போத்தலில் வைக்கவேண்டாம்.